விண்ணப்பம் 8 மாதமாக நிலுவையில், விசிட் பாஸ் முடிய 3 வாரம்

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடிமகள், வயது 32. ஈசூனில் அம்மாவோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். என் கணவர் புதுக்கோட்டைக்காரர். முன்பு இங்கே கப்பல் பட்டறையில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்துவிட்டு 2018இல் ஊருக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது, அங்கேயே பதிவும் செய்தோம். அவருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்டு ஐசிஏவுக்கு (குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்கு) விண்ணப்பித்து 8 மாதம் ஆகிறது. இன்னும் 'நிலுவையில்' என்றுதான் காட்டுகிறது. இப்போது விசிட் பாஸில் வந்திருக்கிறார், அது முடிய 3 வாரம்தான் இருக்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் போக வேண்டியதில்லை என்கிறார் மாமா. ஓர் ஏஜெண்ட், 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்கிறார். அதுவரை தன் கடையில் சும்மா உதவிக்கு இருக்கட்டும் என்று ஒரு நண்பர் கூப்பிடுகிறார். ஐசிஏ மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: கடைசியில் கேட்ட கேள்விக்குக் கடைசியிலேயே வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் வேறு. அதற்கும் முன்னால் அந்த 3 வாரத்தைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் மாமா சொல்வது தவறு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நிலுவையில் இருக்கும் விண்ணப்பம் ஒரு பாஸ் ஆகாது. உங்கள் கணவர் இங்கே இருப்பதற்கு இன்றைக்குள்ள ஒரே சட்ட ஆதாரம் அந்த விசிட் பாஸ்தான். அது முடிந்த மறுநாளிலிருந்து அவர் காலம் கடந்து தங்கியவர் ஆகிவிடுவார். குடிநுழைவுச் சட்டப்படி 90 நாள் வரை கூடுதலாகத் தங்கினால் 4,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 90 நாளைத் தாண்டினால் சிறையோடு குறைந்தது 3 பிரம்படி. தெரிந்தே வீட்டில் வைத்திருந்தால், அடைக்கலம் கொடுத்ததாக உங்கள் மீதும் வழக்கு வரலாம். அதற்கு 6 மாதத்துக்குக் குறையாத சிறை. மனைவி என்பதற்காகச் சட்டம் விலக்குத் தரவில்லை.

அதனால் பாஸ் முடிவதற்குள், கடைசி நாள் வரை காத்திருக்காமல், ஐசிஏ இணையத்தளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர் ஸ்பான்சராக நீங்கள் இருக்கலாம். நுழைந்த நாளிலிருந்து மொத்தம் 89 நாள் வரை கேட்க வழி உண்டு. கேட்க வழி உண்டு என்றுதான் சொல்கிறேன், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. இன்னொன்று: இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, பாஸ் மின்னஞ்சலில் வருகிறது. முத்திரையைப் பார்த்துத் தேதி எண்ணிப் பழகியவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். இன்றைக்கே அந்த மின்னஞ்சலைத் திறந்து தேதியைப் பாருங்கள். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். உட்லண்ட்ஸ் தாண்டி மலேசியாவின் ஜொகூர் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் புதுப் பாஸ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடிக்கடி வந்து போகிறவரைத் திருப்பி அனுப்ப அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

நண்பரின் கடை வேண்டவே வேண்டாம். விசிட் பாஸில் இருப்பவர் வேலை பார்த்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் சேரலாம். சம்பளம் வாங்கவில்லை, சும்மா கல்லாவில் நின்றேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நண்பருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, இப்போது அந்த இன்னொரு விஷயம். உங்கள் கணவர் ஒர்க் பெர்மிட்டில் இருந்தவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன் மனிதவள அமைச்சின் அனுமதி வாங்கினீர்களா என்று ஒரு வரிகூட இல்லை.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரோ, முன்பு இருந்தவரோ, சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். பெர்மிட் ரத்தாகி ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தாலும் இது பொருந்தும். கல்யாணம் சிங்கப்பூரில் நடக்கவில்லை, புதுக்கோட்டையில் நடந்தது என்பதும் விலக்கல்ல. பதிவுத் திருமணம் மட்டுமல்ல, சமய, வழக்கப்படி நடக்கும் கல்யாணமும் இதில் அடங்கும். நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. வேலையை விட்டாச்சு, இனி அந்த விதி என்னை என்ன செய்யும் என்று நினைக்கிறார்கள். அனுமதி இல்லாமல் மணந்தவரை மறுபடி நாட்டுக்குள் விடாமல் தடுக்கவும் முடியும். அவருடைய கைரேகையும் வேலைப் பதிவும் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன, மறைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை. மறைப்பதற்காக விண்ணப்பத்தில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம், 12 மாதம் வரை சிறை உண்டு.

உங்கள் தாமதத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கோப்பைப் பார்க்காமல் அப்படிச் சொல்பவர் வக்கீல் இல்லை, ஜோசியர். ஆனால் அனுமதி வாங்கியிருந்தால் அந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்கவில்லை என்றால், ஐசிஏவுக்கோ அமைச்சுக்கோ நீங்களாக எதையும் எழுதுமுன் எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எப்படி, எந்த வரிசையில் தெரிவிப்பது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நல்லது. அவர் வைத்திருந்தது எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி) மட்டும்தான், ஒர்க் பெர்மிட்டே இருந்ததில்லை என்றால் இந்த விதி பொருந்தாது. பட்டறையில் வேலை செய்த சிலர் எல்லாவற்றையும் 'பெர்மிட்' என்றுதான் சொல்வார்கள், அதனால் அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி தாமதம். உங்களைப் போன்ற விண்ணப்பங்களுக்கு 6 மாதம் வரை ஆகலாம் என்று ஐசிஏ சொல்கிறது, சிலருக்கு அதற்கு மேலும் போகும். திருமணத்துக்கு முன்பே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துத் தகுதிக் கடிதம் வாங்கியவர்களுக்கு வாரக்கணக்கில் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இனிமேல் கல்யாணம் பேசுகிறவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

காத்திருக்கும் கோப்பில் நீங்கள் கை வைக்கக்கூடிய இடம் ஆவணங்கள்தான். கூடுதல் தாள் கேட்டு ஏதாவது செய்தி வந்து, மின்னஞ்சலின் குப்பைப் பகுதியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. உங்கள் அடையாள அட்டையில் 'இன்னாரின் மகள்' என்று இருக்கும். அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவோ, அதில் அப்பா பெயரோ இருக்கும். திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல். பழைய வேலைப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல். நமக்கு எல்லாம் ஒரே ஆள், பார்க்கிற அதிகாரிக்கு மூன்று பேர். இத்தனை பெயரும் ஒருவருடையதே என்று ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் தமிழில் இருந்தால் அதிகாரபூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்தீர்களா? தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழிதானே என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம், ஆனாலும் மொழிபெயர்ப்பு வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு உங்கள் வேலையோ சம்பளமோ முகவரியோ மாறியிருந்தால், குழந்தை உண்டாகியிருந்தால், அதைத் தெரிவித்து ஒரே ஒரு தெளிவான கடிதம் அனுப்புங்கள். வாரம் ஒரு கடிதம் வேண்டாம். குடிமகளின் பிள்ளை பிறந்தால் 'பிளஸ்' என்ற, ஒரு படி மேலான நீண்டகால வருகை அனுமதிக்கே வழி திறக்கும். 2012இல் வந்த அந்த அனுமதியில் மருத்துவமனைச் செலவுக்கு ஓரளவு சலுகையும் உண்டு.

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போகலாம். வரிசை எண் வாங்கிக் காத்திருந்தால் தொண்டூழியர் உட்கார்ந்து கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதம் முடிவை மாற்றிவிடாது, ஆனால் கோப்பை யாராவது எடுத்துப் பார்த்துப் பதில் எழுத வைக்கும். செலவு ஒன்றுமில்லை. மனிதவள அமைச்சு விஷயம் தெளிவான பிறகு போங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஏஜெண்டுக்கு 3,500 வெள்ளி கொடுப்பதில் பயனில்லை. எந்த ஏஜெண்டுக்கும் ஐசிஏவுக்குள் தனிக் கதவு கிடையாது. உங்கள் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) வழியாக நீங்களே பார்க்கும் அதே 'நிலுவையில்' என்ற வார்த்தையைத்தான் அவரும் பார்த்துச் சொல்வார்.

வழக்கு? வக்கீலான எனக்கு நஷ்டமாகும் பதில்தான்: போடாதீர்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவு, அமைச்சரோ குடிநுழைவுக் கட்டுப்பாட்டாளரோ எடுக்கும் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்வதைத் தடுக்கிறது. சட்டம் வகுத்த நடைமுறையைப் பின்பற்றினார்களா என்பதை மட்டும் கேட்கலாம். இத்தனை மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. 6 மாதம் என்பது ஐசிஏ தரும் மதிப்பீடு, உங்களுக்குக் கொடுத்த உரிமை அல்ல. நிராகரித்தாலும் காரணம் சொல்லமாட்டார்கள், மேல்முறையீடாக அங்கேயேதான் எழுத வேண்டும்.

ஆக, இன்று மாலை அந்த மின்னஞ்சலில் தேதியைப் பார்த்து நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஊரில் மாமியாரைக் கூப்பிட்டு, பழைய பெர்மிட் அட்டையின் நகல் பெட்டியில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் இருவருமாக வாருங்கள். அவர் இங்கே இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.