தொலைவில் உள்ள லினக்ஸ் பணிநிலையத்தின் கிராபிக்ஸ் அட்டையைக் கிளிநொச்சியிலிருந்து பயன்படுத்த முடியுமா?

ஜேர்மனியில் உள்ள பணிநிலையத்துக்குள் எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழைந்து, எக்ஸ் ஃபார்வேர்டிங் (அங்கே ஓடும் நிரலின் சாளரத்தை இங்கே காட்டும் முறை) வழியாக, முப்பரிமாண மாதிரிகளைக் காட்டும் பராவியூ நிரலைத் திறக்கிறீர்கள். அங்கே நல்ல என்விடியா அட்டை இருந்தும், மாதிரியைச் சுழற்றினால் திரை உறைந்துவிடுகிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. வேகமான இணையப் பொதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அதே எஸ்எஸ்எச் இணைப்பில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அங்கே என்விடியாவின் பெயருக்குப் பதிலாக எல்எல்விஎம்பைப் என்ற, அட்டையில்லாமல் வரையும் மென்பொருளின் பெயர் இருந்தால், படத்தை வரைவது பணிநிலையத்தின் மத்திய செயலி. விலை கொடுத்து வாங்கிய அட்டை சும்மா கிடக்கிறது.

நிரல் ஜேர்மனியில் ஓடினாலும், லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் முறைக்குத் திரை என்பது உங்கள் மடிக்கணினிதான். நிரல்கள் கிராபிக்ஸ் அட்டையை வரையச் சொல்லப் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல்லும் அந்தத் திரையிடமே வரைய இடம் கேட்கும். வரைதல் கட்டளைகளை அப்படியே வலையமைப்பில் அனுப்பி, இங்குள்ள அட்டையைக் கொண்டு வரையச் செய்யும் வழி முன்பு இருந்தது. எக்ஸ் முறையை இயக்கும் எக்ஸ்.ஆர்க் சேவையகத்தின் 2015இல் வந்த 1.17ஆம் பதிப்பு முதல் அது இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. திறந்துவிட்டாலும் ஓபன்ஜிஎல் 1.4க்கு மேல் பெரும்பாலும் எட்டாது. இன்றைய நிரல்களுக்கு அது போதாது. அதனால் படம் அங்கேயே மென்பொருளால் வரையப்பட்டு, சுருக்கப்படாமல் உங்களிடம் வருகிறது. 1920 × 1080 அளவுள்ள ஒரு சட்டகம், அதாவது ஒரு முழுத் திரைப் படம், குறைந்தது 6.2 மெகாபைட். நொடிக்கு 4 மெகாபிட் இணைப்பில் அந்த ஒரு சட்டகம் வந்து சேரவே 12 நொடிக்கு மேல் ஆகும். அதோடு எக்ஸ், சின்னச் சின்ன விடயத்துக்கெல்லாம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு சுற்றுக்கு 150 மில்லி நொடி என்றால், அடுத்தடுத்து நூறு சுற்றுகளுக்கு 15 நொடி. இந்தத் தாமதத்தை எந்தப் பொதியாலும் வாங்கித் தீர்க்க முடியாது.

இதற்கு விடை வேர்ச்சுவல்ஜிஎல்லும், தொலைக் கணினியின் திரையைப் படமாக அனுப்பும் விஎன்சி வகை நிரலான டர்போவிஎன்சியும். இரண்டும் இலவசம், திறந்த மூலம். நிரலை விஜிஎல்ரன் என்ற கட்டளையின் பின்னால் போட்டு ஓட்டினால், வேர்ச்சுவல்ஜிஎல் ஓபன்ஜிஎல் அழைப்புகளை இடையில் மறித்து, பணிநிலையத்தின் அட்டைக்கே திருப்பிவிடுகிறது. அட்டை கண்ணுக்குத் தெரியாத ஓர் இடையகத்தில் (தற்காலிக நினைவகப் பகுதியில்) வரைகிறது. சட்டகம் முடியும் தறுவாயில் வேர்ச்சுவல்ஜிஎல் அந்தப் படத்தை எடுத்து டர்போவிஎன்சியிடம் கொடுக்க, அது ஜேபெக்காகச் சுருக்கி உங்களுக்கு அனுப்புகிறது. டர்போவிஎன்சியே அங்கே எக்ஸுக்குத் திரையாக நிற்பதால், எக்ஸின் கேள்வி பதில் எல்லாம் ஜேர்மனிக்குள்ளேயே முடிந்துவிடும். கடல் கடந்து வருவது படம் மட்டுமே.

நான் இரணைமடுக் குளத்தின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் பரவும் மாதிரிகளை இப்படித்தான் கிளிநொச்சியிலிருந்து பார்க்கிறேன். மின்சாரம் போனாலும், மழைக்கு இணைப்பு அறுந்தாலும், விஎன்சி அமர்வு அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி இணைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கலாம். எக்ஸ் ஃபார்வேர்டிங்கில் இணைப்பு அறுந்தால் நிரலும் சேர்ந்து செத்துவிடும். வன்னியில் இருந்து வேலை செய்கிறவருக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய காரியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

தரத்தை அமைக்கும்போது கவனம் தேவை. குறைந்த வேக இணைப்புக்கான அமைப்பைத் தேர்ந்தால் சுழற்றுவது இலகுவாகும், ஆனால் ஜேபெக் நிறத் தகவலை அதிகமாகக் குறைத்துவிடும். நீலப் பரப்பின் நடுவே ஓடும் மெல்லிய சிவப்புக் கோடு மங்கி, பக்கத்து நிறத்தோடு கலந்து தெரியும். நீரின் ஆழத்தை நிறத்தைப் பார்த்துச் சொல்கிற வேலையில் இது ஆபத்து. ஒரு வயலில் அரை மீட்டர் நிற்கிறதா ஒரு மீட்டர் நிற்கிறதா என்பதே மாறிப்போகலாம். சுழற்றும்போது தரம் குறைந்திருக்கட்டும். நிறுத்தியதும் இழப்பற்ற புதுப்பிப்பை, அதாவது தரம் குறைக்காத முழுப் படத்தை, கேளுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு எல் விசையைத் தட்டினால், திரை சற்று நேரத்தில் துல்லியமாகும். எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

விஎன்சியை இணையத்தில் வெறுமனே திறந்து வைக்கக் கூடாது. எஸ்எஸ்எச் இணைப்பின் மறைகுறியாக்கப்பட்ட சுரங்கத்துக்குள்தான் கொண்டுவர வேண்டும். பராவியூ மட்டும் போதும் என்றால் அதன் சொந்தச் சேவையகத்தை அங்கே ஓட்டி, உங்கள் மடிக்கணினியில் உள்ள பராவியூவால் இணையலாம். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

பணிநிலையத்தில் உங்களுக்கு நிர்வாக உரிமை இராது என்று நினைக்கிறேன். நிர்வாகிக்கு எழுதும்போது, வேர்ச்சுவல்ஜிஎல் பதிப்பு 3 அல்லது அதற்குப் பிந்தியதையும் டர்போவிஎன்சியையும் நிறுவித் தரக் கேளுங்கள். அந்தப் பதிப்பு முதல் ஈஜிஎல் (எக்ஸ் இல்லாமலே அட்டையை அணுக உதவும் இடைமுகம்) வழியாக அட்டையை நேரடியாக அணுகலாம். இதற்கென்று அங்கே தனி எக்ஸ் சேவையகம் ஓடத் தேவையில்லை. அட்டையை அணுகும் அனுமதி உங்கள் பயனர் கணக்குக்கு வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.