பெட்டிக்கடையும் வாசனைப் புகையிலையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வாசனைப் புகையிலைத் தடையை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் அதிகாரிகள் வந்து பார்த்தபோது மிட்டாய் டப்பாவுக்குப் பின்னால் கூல் லிப் என்கிற வாசனைப் புகையிலை கொஞ்சம் இருந்தது. 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடைக்குச் சீல். அப்பா செய்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தயாரிப்பவனை யாரும் தொடவில்லை. வண்டியில் கொண்டுவந்து போடுகிறவன் மறுவாரமே அடுத்த தெருவில் போட்டுக்கொண்டிருந்தான். அதே கடையில் புதினா வாசனை சிகரெட் விற்றால் ஒருவரும் கேட்பதில்லை. என் தாத்தா பன்னீர்ப் புகையிலை போட்டுக்கொண்டே எண்பது வயதைத் தாண்டினார். பெரியவர்கள் விரும்பிப் போடுவதைத் தடுக்க அரசாங்கம் யார்? சாராயத்தை அரசே விற்கிற ஊரில், இந்தத் தடை ஏழைக் கடைக்காரனைத் தவிர வேறு யாரைத் தொட்டது?

ஆர்., கடலூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். மறுப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தாத்தா போட்ட புகையிலையை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை அதை வாயில் வைத்தவனுக்கு என்ன ஆகும்? நாக்கு எரியும், தலை சுற்றும், பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு எல்லாம் வேண்டும். துப்ப இடம் வேண்டும். பல்லும் உதடும் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர்கள் எதிரில் சின்னப் பையன் வாய் மென்றால் முதுகில் ஒன்று விழும். இத்தனையையும் தாண்டித்தான் ஒருவனுக்கு அந்தப் பழக்கம் ஒட்டியது.

கூல் லிப்பில் இது எதுவும் கிடையாது. உள்ளங்கையில் மறையும் டப்பா. அதற்குள் தேயிலைப் பை மாதிரி, ஆனால் விரல் நுனி அளவே இருக்கும் வெள்ளைப் பைகள். ஒன்றை எடுத்து உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் முடிந்தது. மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம். புதினா வாசனை வேறு. வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று பதில்கூடச் சொல்லலாம். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் பெருக்குகிற அம்மா, கடைசி பெஞ்சுக்கு அடியிலிருந்து வாரிய அந்தப் பைகளை முறத்தில் வைத்து எனக்குக் காட்டினார். சூயிங்கம் மாதிரி ஏதோ என்றுதான் முதலில் நினைத்தாராம்.

வாசனையின் வேலையே அதுதான். புதினா வாசனைக்குச் சேர்க்கிற மெந்தால் வாயையும் தொண்டையையும் குளிர்ந்துபோன மாதிரி உணர வைக்கிறது, எரிச்சல் தெரிவதில்லை. முதல் தடவை வருகிற வாந்தியும் தலைசுற்றலும் ஒரு பையனைக் காப்பாற்றுகிற காவல். அந்தக் காவலைத்தான் இது எடுத்துவிடுகிறது. இருபது வருடம் போட்டுப் பழகியவருக்கு வாசனை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது நிக்கோடின். அதனால்தான் பெரியவர்களின் விருப்பம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வாசனை சேர்ப்பது இன்னும் தொடங்காதவனை நினைத்து.

தாத்தா எண்பதைத் தாண்டியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவமனையில் நான் பார்த்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டாக்டர் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைக்கச் சொன்னார். ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் நாராக இறுகிப்போயிருந்தது. இட்லியைப் பிய்த்து ஓரமாகத் தள்ளித்தான் சாப்பிடுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். பாக்கினால் வருகிற நோய் இது. வந்த இறுக்கம் பழையபடி இளகாது, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் பையன் தொடங்கியது பள்ளியில் படிக்கும்போது, வாசனைப் பாக்கில்.

அரசு சாராயம் விற்பது தப்பு என்றால் அதை நிறுத்தச் சொல்வோம், நானும் கூட வருகிறேன். அதைக் காட்டி இதையும் விடு என்று கேட்க முடியாது.

சரி, இனி நீங்கள் சொல்வதில் உள்ள நியாயம்.

இந்தத் தடை எதன்மேல் நிற்கிறது தெரியுமா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்மேல். எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோடினோ சேர்க்கக் கூடாது என்று 2011-இல் ஒரு விதி வந்தது. அதன்படி 2013 மே மாதம் தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா, வாசனை சேர்த்த மெல்லும் புகையிலைக்கு எல்லாம் ஓராண்டுத் தடை போட்டார்கள். அப்புறம் வருடா வருடம் புதுப்பித்தார்கள். தற்காலிக அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடை போட முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியோர் ஆணையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்கு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இவ்வளவு ஆட்டம் காண்கிற அஸ்திவாரம் அது.

சிகரெட் உணவு இல்லை, அதனால் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு 2003-இன் புகையிலைச் சட்டம் இருக்கிறது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது என்று அதில் உண்டு. வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த விதியை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். வடிகட்டிக்குள் ஒரு குட்டி உருண்டை வைத்து, விரலால் நசுக்கினால் ‘டப்’ என்று உடைந்து புதினா வாசம் வருகிற சிகரெட்டை ஒரு பள்ளி மாணவனுக்கு விற்றால் இந்தச் சட்டப்படி 200 ரூபாய் வரை. உங்கள் அப்பாவுக்கு 25,000. உங்கள் கோபம் நியாயமானது.

அமெரிக்காவிலும் இதே ஓட்டை விட்டார்கள். 2009-இல் சிகரெட்டில் பழ வாசனை, மிட்டாய் வாசனையைத் தடை செய்த சட்டம் மெந்தாலை மட்டும் விட்டுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு ஊரும் மாநிலமும் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோ தடை போட்டதும் ஒரு பெரிய சிகரெட் கம்பெனி 1 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அதை வாக்கெடுப்புக்கு இழுத்தது. 2018 ஜூனில் மக்கள் தடைக்கே ஓட்டுப் போட்டார்கள். கலிபோர்னியா மாநிலம் 2020-இல் போட்ட சட்டமும் இப்படியே முடங்கி, 2022 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் சின்னக் கடைக்காரர்களின் பிழைப்பு போகும் என்ற வாதம் எழுந்தது. ஆனால் அந்தச் சட்டம் வாங்குகிறவர்களைத் தண்டிப்பதில்லை. மாசசூசெட்ஸ் 2020-இல் மெந்தாலையும் சேர்த்துத் தடுத்தபோது, பலர் எல்லை தாண்டி நியூ ஹாம்ப்ஷயர் போய் வாங்கி வந்தார்கள்.

எல்லை விஷயம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் புதுச்சேரி பாட்டிலுக்காகப் பையைத் திறந்து பார்க்கிறார்கள், அப்படியும் பாட்டில் வருகிறது. சட்டைப் பையில் அடங்கும் டப்பாவை எந்தச் சாவடி பிடிக்கும்? பிடிக்க வேண்டிய இடம் ஆலை, அடுத்தது குடோன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-இல் கேட்டதும் அதைத்தான்: கூல் லிப்பைப் பாதுகாப்பற்ற உணவாக அறிவித்து ஏன் நாடு முழுவதும் தடை செய்யக் கூடாது? ஒரு மாநிலத்தில் குற்றமும் இன்னொரு மாநிலத்தில் வியாபாரமுமாக இருக்கும்வரை, மாட்டுவது கடைசியில் நிற்கிற கடைக்காரர்தான்.

அதற்காகத் தடையைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். புதினா சிகரெட்டையும் அதற்குள் கொண்டுவரச் சொல்வேன். பெட்டிக்கடைக்குச் சீல் வைக்கிற அன்றே, சரக்கு போட்டவன் யார் என்று விசாரித்து அவன் குடோனுக்கும் சீல் வைக்கச் சொல்வேன். உங்கள் அப்பாவுக்கு அந்த வண்டிக்காரரைத் தெரியும். தெரு முழுக்கத் தெரியும். தனியாகச் சொன்னால் பயம் இருக்கும், புரிகிறது. நாலு கடைக்காரர்கள் சேர்ந்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கிற குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். வண்டி எந்தக் கிழமை வருகிறது, எங்கே இறக்குகிறது என்று விவரமாக எழுதுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன்.

இன்னொன்று. கடைக்கு வழக்கமாக வந்து கேட்கிற பையன்கள் யார் என்றும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கடை திறந்ததும் அவர்கள் திரும்ப வருவார்கள். 1800-11-2356, பழக்கத்தை விட உதவும் இலவச எண். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள், பொடி எழுத்தில். அதைப் பெரிதாக எழுதி, முன்பு பாக்கெட் சரம் தொங்கிய கம்பியில் மாட்டச் சொல்லுங்கள்.