குவில்ட் குழுவுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

வெளிநாட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, தையல் நன்றாகத் தெரியும், வீட்டுப் பக்கத்தில் வாரம் ஒருநாள் பெண்கள் கூடித் துண்டுத்துணி இணைத்துக் குவில்ட் தைக்கிறார்கள், மொழி சரியாக வராத நான் போனால் சிரிப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். சிரிக்க மாட்டார்கள், போங்கள். நான் வந்து பத்தொன்பது வருடமாகிறது. முதல் வருடம் வீட்டு ஆட்களைத் தவிர நான் வாய்திறந்து பேசியது அப்படி ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களோடுதான், அதிலும் பாதிப் பேச்சு "நூல் தாங்க", "இதைப் பிரிக்கணும்" என்ற அளவுதான். எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, பேச்சில் தப்பு வந்தாலும் நமக்கு அவ்வளவு கூச்சமாக இருக்காது.

ஆனால் தையல் நன்றாகத் தெரியும் என்கிறீர்களே, அதைத்தான் கொஞ்சம் மறந்துவிட்டுப் போக வேண்டும். நான் அங்கேதான் மாட்டினேன்.

அந்தக் குழுவில் அப்போது பன்னிரண்டு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு கட்டம் (பிளாக் என்பார்கள்) தைத்து எல்லாருக்கும் ஒன்று கொடுக்க வேண்டும், நமக்கும் ஒவ்வொருவர் கையிலிருந்தும் ஒன்று வரும், சேர்த்தால் ஒரு குழந்தைப் போர்வை. கட்டத்தின் அளவு 12½ அங்குலம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் போர்வையில் 12 அங்குலமாக நிற்கும். 4½ அங்குலச் சதுரம் ஒன்பதை மூன்று மூன்றாக இணைக்கிற நைன் பேட்ச், இதைவிட எளிது கிடையாது. ஜாக்கெட் தைத்துப் பழகிய கை, கண்ணளவிலேயே மடமடவென்று ஒரே ராத்திரியில் பன்னிரண்டையும் முடித்துவிட்டேன். மறுவாரம் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 12¼.

கால் அங்குலம்தானே என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு தையலிலும் நான் கூடுதலாகப் பிடித்தது பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தான், ஆனால் அது இரண்டு துண்டிலிருந்தும் போகிறது, ஒரு வரிசையில் இரண்டு தையல், கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாகக் கால் அங்குலம் காணாமல் போயிருக்கும். உடுப்பு என்றால் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே என் கட்டம் இன்னொருத்தியின் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், என்னுடையது குறைந்தால் அவளுடையது சுருங்கி நிற்கும். பன்னிரண்டையும் பிரிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, தன் பையிலிருந்து தையல் பிரிக்கிற முள்ளை எடுத்தார், என் குவியலில் ஆறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் வந்தால்தான் உங்கள் மெஷினில் கால் அங்குலத் தையல் விழுகிறது என்று அர்த்தம். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காதீர்கள், வைத்து அழுத்தி எடுங்கள், மூலைவாட்டமாக வெட்டிய துணி இழுபட்டுவிடும். புது சிவப்பு, கருநீலம் எல்லாவற்றையும் முன்னாலேயே அலசிவிடுங்கள், அடுத்தவர் வெள்ளைத் துணியில் உங்கள் சாயம் ஏறினால் அந்த நட்பு அவ்வளவுதான். அடுத்தவர் துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது, இதில் எல்லாரும் கறார்.

துணி வாங்கிக் குவிக்காதீர்கள். எல்லார் வீட்டிலும் மிச்சத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், புதிதாக வந்தவர் என்றால் பை நிறையத் தருவார்கள். வாங்கிக்கொண்டால் அடுத்த வாரம் அதில் தைத்த எதையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள், அது போதும். ஊரிலிருந்து மெஷின் கொண்டுவந்திருந்தால், நீங்கள் இருப்பது 110, 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுதானா என்று பார்த்துக்கொண்டு செருகுங்கள்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோனார். ஆளுக்கொரு கட்டத்தில் பெயர் எழுதிப் போர்வையாக்கிக் கொடுத்தோம். 1840-களில் அமெரிக்காவில் பரவிய பழக்கம் இது, மேற்கே குடிபெயர்ந்தவர்கள் விட்டுப்போகிற மனிதர்களின் பெயர்களை இப்படித்தான் போர்வையில் கொண்டுபோனார்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன், உன் பெயர்தானே என்றார்கள். துணி நகராமல் இருக்க அடியில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீசர் தாளை இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, கரையாத மைப் பேனாவால் எழுதினேன். அப்படியும் கடைசி எழுத்தின் சுழி கொஞ்சம் கோணல்.

முதல் நாள் வெறுங்கையோடு போனாலே போதும். கண்ணாடி போடுபவர் என்றால் அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.