வீட்டிலேயே ஹீட்டர் கோர் மாற்றுவது: மலைப்பக்கத்துக் கேள்விகள், பதில்கள்

குன்னூர்: அண்ணா, ஹீட்டர் போட்டா முன்கண்ணாடியில பிசுபிசுன்னு படலம், இனிப்பு வாசனை. கோர்தானா?

அநேகமா அதுதான். கோர்னா டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர வைக்கிற திரவமான கூலண்ட் சூடா அதுக்குள்ள ஓடி, ஹீட்டர் காத்தைச் சூடாக்கும். முன்சீட்டுக் கால்மிதிக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கி விரலால தொட்டுப் பாருங்க. வழுவழுன்னா கூலண்ட். வெறும் தண்ணின்னா ஏசி வடிகுழாய் அடைப்பு, இல்ல மழைத்தண்ணி. கோர் மேல கை வைக்க வேண்டாம்.

கோத்தகிரி: லீக் இல்லை. ஆனா காத்து சில்லுன்னுதான் வருது.

எஞ்சின் நல்லா சூடானதும் ஃபயர்வாலுக்குள்ள, அதாவது எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்புக்குள்ள, போற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் ஜாக்கிரதையா தொட்டுப் பாருங்க. ரெண்டும் சூடுன்னா உள்ளே காத்தைத் திருப்புற தகடோ அதோட கேபிளோ மாட்டிக்கிச்சு. ஒண்ணு சூடு, ஒண்ணு ஆறியிருந்தா கோர் அடைப்பு, இல்ல கோருக்குக் கூலண்ட் விடுற வால்வு திறக்கலை. ரெண்டும் ஆறியிருந்தா கூலண்ட் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகுற வரைக்கும் கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாம அடைக்கிற வால்வு) திறந்தே நிக்குது. அடைப்புன்னா ரெண்டு ஹோஸையும் கழட்டி, கூலண்ட் வெளியே வர்ற பக்கத்திலிருந்து மெதுவா தண்ணி விட்டுக் கழுவிப் பாருங்க. அழுத்தம் கூடினா பழைய கோர் பிளந்துடும்.

ஊட்டி: மாத்துற முறையை முழுசா சொல்லுங்க சார்.

முதல்ல வண்டியோட சர்வீஸ் மேனுவல் பாருங்க. சில மாடல்ல கோர் கால்வைக்கிற இடத்திலிருந்தே உருவி வந்துடும். பலதுல டேஷ்போர்டு முழுக்க இறங்கணும். எஞ்சின் ஆறின பிறகு கூலண்ட்டைப் பாத்திரத்துல வடிங்க. இனிப்பா இருக்கிறதால நாயும் மாடும் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போயிடும்.

பேட்டரி நெகட்டிவ் கழட்டி 10 நிமிஷம் காத்திருங்க. அப்புறம்தான் ஏர்பேக்கோட மஞ்சள் கனெக்டரைத் தொடணும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எடுத்த இடம் எழுதின கவர்ல போடுங்க. நீளம் மாறிப் போட்டா வயரைக் குத்தும். ஹோஸ் ஒட்டிக்கிட்டா முறுக்காதீங்க, நீளவாக்குல பிளேடால கீறி எடுத்துட்டுப் புதுசு போடுங்க. ஏசி பைப்பைப் பிரிச்சாத்தான் கோர் இருக்கிற பெட்டி வெளியே வரும்னா, ஏசி கடையில கேஸை முதல்ல எடுத்துடுங்க. காத்துல விடக்கூடாது.

புதுக் கோரைப் பழசோட பக்கத்துல வச்சு அளவும் பைப் கோணமும் ஒத்துப் பாருங்க. சுத்தி இருக்கிற ஸ்பாஞ்சும் புதுசா போடணும். இல்லன்னா காத்து கோரைச் சுத்திப் போய் சூடே வராது. டேஷ்போர்டை மூடுறதுக்கு முன்னாடி கூலண்ட் ஊத்தி ஓட்டி லீக் பாருங்க. பலர் விடுற இடம் இதுதான்.

காத்து எடுக்க, வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை சுத்தற வரைக்கும் ஓட விடுங்க. ஆறின பிறகு குறைஞ்சதை நிரப்புங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

கேத்தி: இவ்வளவு எதுக்கு? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டுப் பச்சைத் தண்ணி ஊத்துங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் சூடாகாது.

சூடாகாது, அதான் சிக்கல். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், தேயும். ஹீட்டரும் சில்லுன்னே ஊதும். பச்சைத் தண்ணியில துரு தடுக்கிற மருந்து கிடையாது. உப்பு படிஞ்சு முதல்ல அடையறது ஹீட்டர் கோரோட மெல்லிய குழாய்தான்.

கேத்தி: லாரிக்காரங்க பல வருஷமா அப்படித்தானே ஓட்டுறாங்க?

ஊட்டி உயரம் சுமார் 2,240 மீட்டர். திறந்த பாத்திரத்துல தண்ணி அங்கே ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதிச்சிடும். எஞ்சின் ஓடுற சூடே அதுக்குப் பக்கம். கொதிக்காம பிடிச்சு வைக்கிறது மூடியோட அழுத்தமும் கூலண்ட்டும்தான். தலைகுந்தா உறைபனியில தண்ணி உறைஞ்சா கோரும் பிளக்கும். பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். இதுல பேரமே இல்லை.

அரவங்காடு: லீக் அடைக்கிற பவுடர் போடலாமா?

வேண்டாம். லீக்கோட சேர்த்து கோரையும் அடைக்கும்.

கூடலூர்: கண்ணாடியில படலம் வருது சார்...

குன்னூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

மஞ்சூர்: கோர் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை?

ஹீட்டர் ஹோஸ் ரெண்டையும் கழட்டி, எஞ்சின் பக்கமே அந்த ரெண்டு முனையையும் ஒரே ஹோஸால இணைச்சுக் கிளாம்ப் போடுங்க. ஹீட்டர் இருக்காது, வண்டி ஓடும். மூடுபனியில கண்ணாடி வேர்க்கும், ஏசி இருந்தா அதைப் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்க. வடிச்ச கூலண்ட்டை மூடி வச்சாச்சா?