பத்துக் கிலோ நெல் எங்கே போனது?

அன்புள்ள சேர்,

நான் சம்மாந்துறை. எங்கள் பெரும்போக நெல் 1000 கிலோ, ஈரப்பதன் 20 வீதம். 14 வீதத்துக்குக் காய வைத்தால்தான் நல்ல விலை என்றார்கள். ஆறு வீதம்தானே, 60 கிலோ குறைந்து 940 நிற்கும் என்று வாப்பா கணக்குப் போட்டார். காய்ந்தபின் நிறுத்தால் 930. தராசில் ஏதோ சுத்துமாத்து என்று கொதித்துக்கொண்டிருக்கிறார். பத்தாந் தரம் படிக்கும் தம்பியோ, "அட்சரகணிதம் சோதினைக்கு மட்டும்தான், இதுக்கெல்லாம் உதவாது" என்கிறான். யார் சொல்வது சரி?

வாசகி ஒருவர்

அன்புள்ள மகள்,

இரண்டு பேருமே பிழை. தராசு பாவம், அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

கோளாறு அந்த ஆறில் இருக்கிறது. 20 வீதம் என்பது ஈரநெல்லின் நிறையில். 14 வீதம் என்பது காய்ந்த நெல்லின் நிறையில். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது.

தம்பியைக் கூப்பிடுங்கள். காய்ந்த நெல்லின் நிறை தெரியாது, அதற்கு எக்ஸ் என்று பெயர் வைக்கட்டும். சரி, இனி வெயிலில் மாறாமல் கிடப்பது எது? நான் பார்த்தவரை பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். சமன்பாட்டைத் தீர்த்துவிடுவார்கள், எதை எதற்குச் சமன் என்று எழுதுவது என்றுதான் முழிப்பார்கள். தண்ணீர் ஆவியாகும், நெல்லின் உலர்ந்த பகுதி அப்படியே இருக்கும். (களத்தில் காகம் கொத்தியதை விடுங்கள்.) 1000 கிலோவில் அது 800 கிலோ. காய்ந்த பிறகும் அதே 800தான், ஆனால் இப்போது அது எக்ஸின் 86 வீதம்.

0.86 × எக்ஸ் = 800
எக்ஸ் = 930.2

வாப்பாவின் பத்துக் கிலோவும் தண்ணீராகத்தான் போயிருக்கிறது.

தெரியாததற்குப் பெயர் வைக்கிற வித்தை பழையது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி அதை 'ஷை' என்றார். அரபியில் 'பொருள்' என்று அர்த்தம். எக்ஸ் என்ற எழுத்து 1637இல் வந்த, பிரெஞ்சுக் கணித அறிஞர் டேக்கார்ட்டின் நூலுக்குப் பிறகுதான் பரவியது. தம்பிக்கு எக்ஸ் பிடிக்காவிட்டால் 'நெல்' என்றே எழுதட்டும், விடை மாறாது.

அப்புறம், அவனுக்கு ஒரு கணக்கு. ஆலைக்காரர் 14 வீதத்தில் சரியாக 1000 கிலோ கேட்கிறார். 20 வீத நெல் எத்தனை கிலோ களத்தில் பரப்ப வேண்டும்? 1060 என்று சொன்னால் திருப்பி அனுப்புங்கள். விடை 1075.