2047-க்குள் இந்தியா வளர்ந்த நாடாகிவிடும் என்கிறார்களே, இந்தக் கணிப்பை நம்பலாமா?

நான் பள்ளியில் படித்தபோது பேச்சுப் போட்டி என்றாலே ‘2020-இல் வல்லரசு இந்தியா’தான் தலைப்பு. நானும் மேடையேறி, ஒவ்வொரு வரியையும் நம்பித்தான் பேசினேன். கடைசியில் 2020 வந்தபோது கொரோனா, ஊரடங்கு, பொருளாதாரமே சுருங்கிவிட்டது. அதற்காக அந்தக் கனவைக் கண்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இருபது வருடம் முன்னாலேயே ஒரு கிருமியை யார் கணக்கில் சேர்த்திருக்க முடியும்?

சரி, 2047-க்கு வருவோம். 2025-இல் வந்த உலக வங்கி அறிக்கை சொன்னது இதுதான்: 2047-க்குள் இந்தியா உயர் வருமான நாடாக வேண்டுமென்றால், 22 வருடம் சராசரியாக 7.8 சதவீதம் வளர வேண்டும். 2000 முதல் 2024 வரை நம் சராசரி 6.3. ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் இது கூட்டு வட்டி மாதிரி, 22 வருடம் ஓடினால் 6.3-இல் பொருளாதாரம் நாலு மடங்கைக்கூடத் தொடாது, 7.8-இல் ஐந்து மடங்கைத் தாண்டிவிடும்.

அந்த வேகத்தை அவ்வளவு காலம் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். பிரேசிலைப் பாருங்கள். 1968 முதல் 1973 வரை வருடத்துக்குச் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த நாடு அது, அன்றைக்கு ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை நீட்டியிருந்தால் இன்று பணக்கார நாடாகியிருக்க வேண்டும். 80-களில் கடனும் விலைவாசியும் சேர்ந்து அடித்ததில் ஒரு பத்தாண்டே வீணாய்ப் போனது. அப்புறம் 2003-இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி, வேகமாக வளரப்போகும் ‘பிரிக்’ நாடுகள் என்று இந்தியா, சீனாவோடு அதையும் சேர்த்து ஐம்பது வருடக் கணிப்பு போட்டது. ஆனால் 2015, 2016 இரண்டு வருடமும் பிரேசில் 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. தென் கொரியா மாதிரி முப்பது வருடம் தொடர்ந்து ஓடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொருளாதார நிபுணர்கள் லேன்ட் பிரிட்செட்டும் லாரி சம்மர்ஸும் 2014-இல் பல நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோதும் இதேதான் தெரிந்தது: ஒரு பத்தாண்டில் வேகமாக வளர்ந்ததை வைத்து அடுத்த பத்தாண்டைச் சொல்ல முடியாது.

அதனால் 7.8 என்பதை ஜோசியமாக நான் எடுத்துக்கொள்வதில்லை, அது ஒரு நிபந்தனை. ‘இதெல்லாம் நடந்தால்’ என்று அறிக்கையில் இருப்பது தலைப்புச் செய்தியில் காணாமல் போய்விடுகிறது, எனக்குக் கோபம் வருவது அங்கேதான். முதலீடு அதிகரிக்க வேண்டும், வேலைக்குப் போகும் பெண்களின் பங்கு சுமார் 35 சதவீதத்திலிருந்து 50-க்கு ஏற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. என்னோடு கல்லூரியில் படித்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல், என்னைவிட நல்ல மார்க் வாங்கியவர்கள் உட்பட, முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள், திரும்பப் போகவே இல்லை. பேருந்தும் குழந்தைகள் காப்பகமும் பக்கத்தில் இருந்திருந்தால் போயிருப்போம் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2047 பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.