ஓவியம் படித்தவர் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

முடியும். பதினோரு ஆண்டுகளாக நான் அப்படித்தான் பிழைக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் மனத்தில் வைத்திருக்கும் எழுத்து எனக்குச் சோறு போடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். 1850-இல் தொடங்கப்பட்டது; சிற்பி ராய் சௌத்ரியும் ஓவியர் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். அந்த வளாகத்தில் நடந்தாலே நமக்கும் ஏதோ வந்துவிடும் என்று தோன்றும். எனக்கு வரவில்லை. கடைசி ஆண்டில் நண்பர்களின் கண்காட்சிகளுக்கு அறிமுகக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். படத்தை விட்டுவிட்டு எல்லோரும் குறிப்பையே படிக்கிறார்கள் என்று ஒருவன் கோபித்துக்கொண்டான். பிழைப்பு அங்கேதான் தொடங்கியது.

வருமானத்தில் முக்கால் பங்கு மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான். மிக்ஸி கையேடு, வங்கிப் படிவம், பள்ளித் துணைநூல் என்று எது வந்தாலும் செய்வேன். ஓவியம், சிற்பம் பற்றிய கட்டுரை மாதத்துக்கு ஒன்று அமைந்தால் நல்ல மாதம்.

அப்படியானால் படித்த படிப்பு வீணா என்று வீட்டில் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். படிக்கும் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து வரைவோம். திருவெண்காட்டு அர்த்தநாரியை எத்தனை முறை வரைந்தேன் என்று நினைவில்லை. வலப்பாதி சிவனுக்கு இரண்டு கை, இடப்பாதி உமைக்கு ஒன்றே ஒன்று. முதல் தடவை என் பென்சில் பழக்கத்தில் நான்காவது கையையும் போட்டுவிட்டது. அழித்த இடத்தில் தாள் கிழிந்ததால் அது மறக்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து மெய்ப்புக்கு வந்த ஒரு நூலில் அதே சிலைக்கு ‘நான்கு கரங்கள்’ என்று இருந்தது. பக்கத்திலேயே படமும் இருந்தது! எனக்கு முன் படித்தவர்கள் எழுத்துப் பிழைதான் தேடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பதிப்பாளர் கலை நூல் எதையும் எனக்கு அனுப்பாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

எல்லாப் பதிப்பாளரும் அப்படியல்லர். ஒருவர் தர வேண்டிய பாதிப் பணம் நான்கு ஆண்டுகளாக ‘அடுத்த வாரம்’ வந்துகொண்டே இருக்கிறது. முன்பணம் வாங்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பில்லில் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டால் பதறவும் வேண்டாம்; உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்ததும் அது திரும்பி வரும். இதை எனக்கு யாரும் சொல்லாததால் முதல் இரண்டு ஆண்டுப் பணம் போனது போனதுதான்.

கையில் காசு மிஞ்சினால் பழைய சுவரோவியங்களைப் பார்க்கப் போய்விடுவேன். சித்தன்னவாசல் கூரையில் உள்ள தாமரைக் குளத்தில் எல்லோரும் பூப்பறிப்பவர்களைப் பார்ப்பார்கள். நான் எருமையைப் பார்ப்பேன். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்று குறிப்பேடு நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கேட்டு வாங்க ஆளில்லை, இருந்தாலும் எழுதுவேன்.

இப்போது மேசையில் இருப்பது குக்கர் கையேடு. படத்தில் கைப்பிடி இடப்பக்கம், வாசகத்தில் வலப்பக்கம். நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும்.